யானைக்குப் பயந்து வாங்கிய சைக்கிள்

எங்கள் வீட்டுக்கு ரேஸ் சைக்கிள் வந்ததற்குக் காரணம் யானை. பள்ளிக்கூடத்தில் நான் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், யாரும் சிரிக்கவில்லை. ஓசூரிலிருந்து தளிக்குப் போகும் ரோட்டில், எங்கள் ஊர்ப்பக்கம், யானை என்று சொன்னால் யாரும் சிரிக்கமாட்டார்கள். ராகி கதிர் பிடிக்கும் பருவத்தில் ஜவளகிரிக் காட்டிலிருந்து அவை இறங்கி வரும். அறுவடை முடிந்தால் தாமாகவே திரும்பிப் போகும். ‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்று மூன்றாம் வகுப்பில் டீச்சர் சொல்லிக்கொடுத்தபோது எனக்கு எரிச்சலாக இருந்தது. எங்கள் யானைகளுக்கு யார் மணி கட்டினார்கள்? பக்கத்தில் வந்து மூச்சு விடும்வரை அவை வந்திருப்பதே தெரியாது.

நான் பெரிய பயந்தாங்கொள்ளி. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு இருண்டதெல்லாம் யானை. வைக்கோல் போர் யானை, தண்ணீர்த் தொட்டி யானை, பொழுது சாய்ந்தபின் வாசலில் நிற்கும் எங்கள் எருமையும் யானை. விளக்கு வைத்த பிறகு வீட்டுக்குப் பின்னால் போவதற்கு எனக்கு அக்கா துணைக்கு வரவேண்டும்.

அக்கா என்னைவிடப் பத்து வயது மூத்தவள். பன்னிரண்டாவது முடித்த கையோடு ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். எங்கள் வகையறாவில் மாதச் சம்பளம் வாங்கிய முதல் பெண் அவள்தான். சுடிதாருக்கு மேல் நீலக் கோட்டு போட்டுக்கொண்டு அவள் கிளம்பும்போது நான் வாசலில் நின்று பார்ப்பேன். கம்பெனி பஸ் ஊருக்குள் வராது. மெயின் ரோட்டிலிருந்து எங்கள் ஊர் ரோடு பிரியும் கூட்ரோட்டில் ஏற்றிக்கொண்டு, சாயங்காலம் அங்கேயே இறக்கிவிடும். அங்கிருந்த டீக்கடை ஓரம் பகலெல்லாம் அவளுடைய லேடீஸ் சைக்கிள் நிற்கும். கூட்ரோட்டிலிருந்து வந்தால் முதலில் ஒரு தைலமரத் தோப்பு, அதைத் தாண்டி எங்கள் ராகிக் கொல்லை, அப்புறம் ஊர். அந்த சைக்கிளின் கேரியர்தான் எனக்குச் சிம்மாசனம். லீவு நாளில் அதில் என்னை உட்காரவைத்து ஊரைச் சுற்றிக் காட்டுவாள்.

கார்த்திகை மாதத்தில் ஒரு நாள் அவள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்து வந்தாள். முழங்கையில் தோல் உரிந்து ரத்தம். சைக்கிளின் கேரியர் ஒரு பக்கமாகக் கோணிக்கொண்டு கம்பி பிய்ந்து தொங்கியது. அம்மா அலறிக்கொண்டு ஓடினாள். தோப்பில் யானை நின்றது, சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினேன், அது கேரியரை மிதித்துவிட்டுப் போய்விட்டது என்று அக்கா சொன்னாள். குரல் நடுங்கியது.

மறுநாள் தெருப் பிள்ளைகள் எல்லாம் யானை மிதித்த சைக்கிளைப் பார்க்க வந்தார்கள். நான் பயத்தோடும் பெருமையோடும் காட்டினேன். அப்பா மட்டும் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார், அது ஆடாமல் சுற்றியது. கோணிய கம்பியைத் தடவினார். அப்புறம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “யானைதான்” என்றார்.

வேலையை விட்டுவிடச் சொல்லி அம்மா அழுதாள். அதற்கு முந்தைய வருஷம் என் பெரியப்பா மகளும் இதே போல ஒரு கம்பெனிக்குப் போய்க்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டிலிருந்து ஒருவன் தினமும் பின்னால் வருகிறான் என்று வீட்டில் வந்து சொன்னாள். சொன்ன மறுநாளே வேலை நின்றது. அடுத்த முகூர்த்தத்தில் சிங்காரப்பேட்டை மாப்பிள்ளைக்குக் கட்டிக்கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அந்தக் கல்யாணத்தில் பெண் அழுதுகொண்டே இருந்தது எனக்கு நினைவிருக்கிறது. கேசரி நன்றாக இருந்ததும் நினைவிருக்கிறது. இரண்டில் எனக்கு அப்போது பெரிதாகப்பட்டது கேசரிதான்.

அக்கா வேலையை விடமாட்டேன் என்றாள். வேகமாகப் போகிற சைக்கிள் ஒன்று இருந்தால் போதும் என்றாள். அம்மா ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அப்பா குறுக்கே பேசினார்.

“யானைக்கிப் பயந்துக்கிட்டு ராகி போடாமயா இருக்கறோம்? புள்ளைக்கு சைக்கிள் வாங்கிக் குடுத்துடலாம்.”

அதற்கு மேல் பேச்சில்லை. ஆனால் கையில் இருந்த காசு புது சைக்கிளுக்குப் போதாது. அம்மாவின் தம்பி, என் மாமா, பாகலூரில் ரூம் எடுத்துத் தங்கி ஃபிட்டர் வேலை பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே பழைய சைக்கிள் விற்கிற கடை ஒன்று இருக்கிறது, பெங்களூர்க்காரர்கள் ஓட்டிச் சலித்த நல்ல வண்டியெல்லாம் அங்கே வரும் என்றார் அவர். ஞாயிற்றுக்கிழமை அக்காவும் நானும் பஸ் ஏறினோம். யானையைவிட வேகமான சைக்கிளைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் எனக்கும் பங்கு உண்டு என்று நினைத்துக்கொண்டேன்.

கடைக்காரர் வாயில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் வரிசையில்லாமல் வந்தன. மாமா கடைக்குள் நுழைந்தவுடனே தடித்த டயரும் முன்னால் ஸ்பிரிங்கும் வைத்த ஒரு கியர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டார். பார்க்க எருமைக்கடா மாதிரி கம்பீரமாக இருந்தது. எனக்கும் அதுதான் பிடித்தது, கேரியரும் அகலம். அக்கா அதை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். பாதி உயரம்கூட வரவில்லை. வேண்டாம் என்றாள். அடுத்ததையும் தூக்கினாள், வேண்டாம் என்றாள். சைக்கிளைத் தூக்கிப் பார்த்து வாங்குகிற ஆளை அந்தக் கடைக்காரர் அன்றுதான் முதலில் பார்த்திருப்பார்.

“ஏம்மா, நீ சைக்கிள் மேல போறியா, சைக்கிள் உம்மேல போறதா?” என்று கேட்டார்.

மூலையில் தூசி படிந்து ஒன்று சாய்ந்திருந்தது. ஒல்லி டயர், ஆட்டுக்கிடாக் கொம்பு போல வளைந்த ஹேண்டில்பார், கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, ஸ்டாண்டு இல்லை, பெல்கூட இல்லை. நாங்கள் ரேஸ் சைக்கிள் என்போம். கடைக்காரர் ரோட் பைக் என்றார். கியர் மாற்றுகிற லீவர் உடைந்துபோய் ஒரே கியரில் நின்றுவிட்டது, அதனால்தான் யாரும் எடுக்கவில்லை என்று உள்ளதைச் சொன்னார். அக்கா அதை ஒரே கையால் இடுப்புவரை தூக்கினாள். அவள் முகம் தெளிந்ததை நான் பார்த்தேன்.

பிறகு அவள் கேட்ட கேள்விகள் மாமாவுக்கு விளங்கவில்லை. நின்ற இடத்திலிருந்து எவ்வளவு சீக்கிரம் வேகம் பிடிக்கும்? மிதிக்காமல் விட்டால் டிக் டிக் என்று சத்தம் வருகிறதே, அதைக் குறைக்க முடியுமா? மோட்டார் பைக் பின்னால் வந்தால் எவ்வளவு தூரம் பிடிகொடுக்காமல் போகலாம்? எனக்கு மட்டும் எல்லாம் விளங்கியது. சத்தம் கேட்டால் யானை திரும்பிப் பார்க்கும். மோட்டார் பைக் வேகத்தில்தான் யானை ஓடும். நானும் என் பங்குக்கு, யானை துரத்தினால் இது தப்புமா என்று கேட்டேன்.

“யானை முன்னால மோட்டார் பைக்கே நிக்காது, பாப்பா” என்றார் அவர். எனக்கு அழுகை வந்துவிட்டது. அக்கா சிரிக்கவில்லை. என் தலையைத் தடவிக்கொண்டே சைக்கிளைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சைக்கிளை வாங்கியதுபோக மிச்சம் கொஞ்சம்தான். அதில் புது டயரும் பிரேக் கட்டையும் போடலாம், இல்லையென்றால் கேரியரும் ஸ்டாண்டும் மட்கார்டும் போடலாம். “கியரை மற. டயரும் பிரேக்கும்தான் உசுரு. மிச்சதெல்லாம் அழகு” என்றார் கடைக்காரர். மாமா கேரியர் கட்சி. நானும் கேரியர் கட்சி. டிபன் பையை எங்கே வைப்பாய், பாப்பாவை எங்கே உட்காரவைப்பாய் என்று மாமா வாதாடினார். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. “கேரியர் வேண்டாம் மாமா” என்றாள். டயர் மாற்றினார்கள். டிக் டிக் சத்தம் வந்த இடத்தில் கிரீஸை அப்பினார்கள். என் சிம்மாசனம் போயிற்று. பஸ்ஸில் வீடு திரும்பும்வரை நான் அவளோடு பேசவில்லை. சைக்கிள் மேலே, பஸ் கூரையில் வந்தது.

அம்மாவுக்கு அந்த சைக்கிளைக் கண்டதுமே பிடிக்கவில்லை. “பொம்பளப் புள்ள குனிஞ்சுக்கிட்டு ஓட்டறதா?” என்றாள். ஹேண்டில்பாரை மேலே பார்த்தாற்போல் திருப்பிவைக்கச் சொல்லி ஒரே பிடிவாதம். எங்களோடு வந்திருந்த மாமா ஸ்பேனரை எடுத்துத் திருப்பிவிட்டார். இப்போது ஆட்டுக்கிடா ஆகாசத்தை முட்டியது. அடுத்து பூஜை. மஞ்சள் குங்குமம் வைத்து, முன் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைத்தாள். வண்டி பழத்தை நசுக்கிக்கொண்டு போனால் கண்திருஷ்டி கழியும். அக்கா ஏறி மிதித்தாள். ஒல்லி டயர் பழத்தைத் தொட்டதும் பழம் வழுக்கிக்கொண்டு உருண்டு சாக்கடைக்குள் போய் விழுந்தது, ஒரு கீறல்கூட இல்லாமல். அம்மாவின் முகம் வெளிறிவிட்டது. நான் அன்று இரவு சாப்பிடவில்லை. யானை அந்தச் சாக்கடை ஓரமாகத்தான் வரப்போகிறது என்று நிச்சயமாக நம்பினேன்.

மறுநாளே அக்கா ஸ்பேனரை எடுத்து ஹேண்டில்பாரைப் பழையபடி கீழே வளைத்துவிட்டாள். குனிந்து மிதித்தாள். லீவு நாளில் ஊர் ரோட்டில் போய், ஓடுகிற சைக்கிளிலிருந்து சட்டென்று இறங்கி, ஒரே மூச்சில் தூக்கிக்கொண்டு ரோட்டோர வாய்க்காலைத் தாண்டிப் பழகினாள். யானைக்கு வாய்க்கால் எம்மாத்திரம் என்று நான் கேட்டேன். யானை சட்டென்று திரும்பாது என்றாள். அவளுக்கு இவ்வளவு தெரிந்திருப்பதே எனக்குப் பயமாக இருந்தது. பொழுது சாயும் நேரம் வந்தால் அவள் தலை தெருமுனையில் தெரிகிறவரை வாசலை விட்டு நகரமாட்டேன்.

கதிர் முற்றியதும் அப்பா கொல்லையில் பரண் கட்டிக் காவல் இருந்தார். எங்கள் பக்கம் அந்த நாட்களில் ஒவ்வொரு கொல்லையிலும் ஒரு பரண், ஒரு தகர டின், ஒரு டார்ச், கொஞ்சம் வெடி இருக்கும். ஒரு கட்டுப்பாடும் உண்டு. யார் யானை என்று கத்தினாலும், அவன் சண்டைக்காரனாகவே இருந்தாலும், கேட்டவன் எல்லாம் டின்னைத் தட்டிக்கொண்டு அங்கே ஓடவேண்டும். பேச்சுவார்த்தை இல்லாத பங்காளிகள்கூட யானைக்கு மட்டும் ஒன்று சேருவார்கள்.

ஒரு நாள் அம்மாவுக்குக் காய்ச்சல். வெளிச்சம் இருக்கும்போதே ஓடிப்போய் அப்பாவுக்குச் சோற்றைக் கொடுத்துவிட்டு வந்துவிடு என்று தூக்குவாளியை என் கையில் கொடுத்தாள். சாமி பெயரையெல்லாம் வரிசையாகச் சொல்லிக்கொண்டே நடந்தேன். கொல்லை வந்துவிட்டது. பரண் கொல்லையின் அந்தக் கோடியில். வரப்பில் இறங்கலாம் என்று கால் வைத்தபோது தோப்பைப் பார்த்துவிட்டேன். மரங்களுக்கு நடுவே கறுப்பாக ஏதோ நின்றது. அசைந்தது. எனக்குக் கால் வரவில்லை, குரலும் வரவில்லை. பாவாடை நனைந்ததை இப்போது சொல்வதில் வெட்கமில்லை.

அப்போது அந்தக் கறுப்பில் ஒரு தீக்குச்சி எரிந்தது. பீடி பற்றவைக்கிற ஒரு முகம் தெரிந்தது. பக்கத்தில் மோட்டார் பைக். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனுஷன்தான்! அவ்வளவு சந்தோஷம் எனக்கு அதற்கு முன்னால் வந்ததில்லை. அந்த ஆள்மேல் பாசமே வந்துவிட்டது. பாவம், தெரியாமல் நிற்கிறாரே என்று ரோட்டில் நாலு எட்டு வைத்துக் கத்தினேன்.

“அங்க நிக்காதீங்க! யானை வரும்!”

அவன் சிரித்தான். “வரட்டும், பாப்பா. அதுக்குத்தான் நிக்கறன்” என்றான்.

பைத்தியக்காரனாக இருப்பான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அதற்குள் கூட்ரோட்டுப் பக்கமிருந்து அக்கா வந்துவிட்டாள். தோப்புக்குள் அவள் நீலக் கோட்டு தெரிந்தது. மோட்டார் பைக் உறுமியது. அப்புறம் நான் கண்டது இதுதான்: அக்கா ஹேண்டில்பார்மேல் படுத்தாற்போல் குனிந்து பறந்து வருகிறாள். அவளுக்குப் பக்கத்திலேயே மோட்டார் பைக்கும் பறந்து வருகிறது. அவன் ஒரு கையை நீட்டி சைக்கிளின் பின்பக்கத்தைத் துழாவுகிறான், அங்கே பிடிக்க ஒன்றும் இல்லை. அக்காவின் முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அவள் குதித்து இறங்கினாள், ஒரே கையில் சைக்கிளைத் தூக்கினாள், வாய்க்காலைத் தாண்டி ராகிக்குள் பாய்ந்தாள். மோட்டார் பைக் வாய்க்கால் கரையில் திணறி நின்றது.

அவர்கள் இருவரும் ஒரே யானைக்குப் பயந்து ஓடி வருகிறார்கள் என்றுதான் நான் நினைத்தேன். அந்த ஆளும் பயத்தில் அக்காவைப் பிடித்துக்கொள்ளப் பார்த்தான் என்று நினைத்தேன். பின்னால் இருட்டுத் தோப்பு. அதற்குள்ளிருந்து அது இப்போது வரப்போகிறது. கத்தினேன்.

“யானை! யானை! யானை!”

அப்பாவின் பரணிலிருந்து வெடி வெடித்தது. பக்கத்துக் கொல்லையில் டின் சத்தம் எழுந்தது, அதைக் கேட்டு அடுத்த கொல்லையில், அதற்கும் அடுத்ததில். நாலா பக்கமும் டார்ச் வெளிச்சம் ராகிக்குள் ஓடி வந்தது. அந்த ஆள் பைக்கை முறுக்கிக்கொண்டு வந்த வழியே பறந்தான். நல்லவேளை, அவரும் தப்பித்தார் என்று நினைத்தேன்.

அக்கா என்னிடம் ஓடி வந்து மண்டியிட்டு இறுகக் கட்டிக்கொண்டாள். “யானையப் பாத்தன்னே சொல்லு, கண்ணு. வேற ஒண்ணும் சொல்லாத” என்று காதில் சொன்னாள். இதில் கெஞ்ச என்ன இருக்கிறது? கூடிய கூட்டத்துக்கு நான் யானையைக் கண்டதாகச் சத்தியம் செய்தேன். கொம்பின் நீளத்தையும் காட்டினேன்.

அப்பா டார்ச்சை எடுத்துக்கொண்டு தனியாகத் தோப்புக்குள் போனார். தரையில் வெளிச்சம் மெதுவாக நகர்வதை நாங்கள் ரோட்டிலிருந்து பார்த்தோம். யானையின் தடத்தை இருட்டில் காலால் தடவியே சொல்லக்கூடியவர் அவர். திரும்பி வந்து, “ஒத்த யானை. தெக்கால போயிருச்சு” என்றார். அக்கா தலை நிமிரவில்லை. நான் உண்மையில் யானையைப் பார்க்கவில்லை. அப்பாவே தடத்தைப் பார்த்துவிட்டார் என்றால் அது என் பக்கத்திலேயே நின்றிருக்கிறது. அன்று முதல் பல நாள் தூக்கத்தில் உளறினேன். மறுநாள் காலையில் ஃபாரஸ்ட்காரர்கள் வந்து தடமும் இல்லை, யானைச் சாணமும் இல்லை என்றார்கள். ராத்திரி ஊரே வந்து மிதித்துவிட்டது என்று அப்பா பதில் சொன்னார்.

பரணைப் பிரித்துத் தோப்போரம் கட்டினார் அப்பா. ராகி அறுத்தாயிற்று, பொங்கலும் முடிந்தது, யானைகள் காட்டுக்குத் திரும்பிவிட்டன என்று எல்லோரும் பரணைப் பிரித்துவிட்டார்கள். அப்பா மட்டும் கம்பெனி பஸ் வரும் நேரத்துக்குத் தோப்புக்குப் போய்க்கொண்டிருந்தார். வெடி தீர்ந்துபோயிருந்தது. அதற்குப் பதிலாக இடுப்பில் கொடுவாள். கொடுவாளைப் பார்த்து யானை பயப்படுமா என்று கேட்டேன். “பயப்படும்” என்றார்.

அக்காவும் அப்பாவும் அதைப்பற்றி வேறு வார்த்தை பேசி நான் கேட்டதில்லை. இன்றும் இருவருக்கும் அது யானை வந்த வருஷம்தான். அக்கா வேலையில் நிலைத்தாள். அவளாக எப்போது சரி என்றாளோ அப்போதுதான் கல்யாணம்.

நான் பதினொன்றாம் வகுப்பு போனபோது பள்ளியில் இலவச சைக்கிள் கொடுத்தார்கள். வாசலுக்கு வந்ததும் அப்பா ஸ்பேனரோடு உட்கார்ந்து கேரியரின் நட்டைக் கழற்ற ஆரம்பித்தார். புது வண்டியை ஏன் கெடுக்கிறீர்கள் என்று அம்மா சத்தம் போட்டாள். பிள்ளையோடு வந்திருந்த அக்கா வாசலில் நின்று பார்த்தாள். உள்ளே போய் இன்னொரு ஸ்பேனரை எடுத்து வந்து அந்தப் பக்கத்து நட்டை அவள் கழற்றினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. இப்போதெல்லாம் யானை ரோட்டுக்கு வருவதே இல்லையே என்று நான் விவரம் தெரிந்தவள் போலச் சொன்னேன். அப்பா அடுத்த நட்டில் ஸ்பேனரை மாட்டினார்.

அந்தக் கோடையில் ஒரு சாயங்காலம், டியூஷன் முடிந்து வரும்போது, தோப்புக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் பைக் என்னை ஒட்டிக்கொண்டு வந்தது. ஒரு கை நீண்டு என் சைக்கிளின் பின்னால் துழாவி, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் போயிற்று. எப்படி வீடு வந்து சேர்ந்தேன் என்று தெரியவில்லை. அம்மா, ஏண்டி இப்படி நடுங்கறே என்று கேட்டாள். எனக்குச் சிங்காரப்பேட்டைக் கல்யாணம் நினைவுக்கு வந்தது. கேசரி இல்லை, அந்தப் பெண்ணின் அழுகை.

“யானை” என்றேன்.

கொல்லையில் அப்போது ராகி இல்லை, அறுத்த தாள்தான் கிடந்தது. அப்பா என் முகத்தைப் பார்த்தார். அப்புறம் ஆணியில் மாட்டியிருந்த டார்ச்சை எடுத்துக்கொண்டு தோப்புக்குக் கிளம்பினார்.